எந்தப் பக்கத்து நோய்?

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, அதாவது விழித்திரை மெல்லப் பழுதாகி முதலில் இருட்டில் பார்வை மங்கும் பரம்பரை நோய், என்று டாக்டர் சொன்னதிலிருந்து, "உங்கள் பக்கமா, எங்கள் பக்கமா" என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது என்றாய். முதலில் அதை நிறுத்து. நீ ஒரு அதட்டல் போட்டால்தான் அடங்கும்.

"எங்கள் வம்சத்தில் யாருக்குமே இல்லையே" என்கிறாய். கண் பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் பொய் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பரம்பரை விழித்திரை நோய்களில் பலவும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். ஒற்றைப் பழுது உள்ளவருக்குப் பார்வை நன்றாகவே இருக்கும், கடைசிவரை அவருக்கே தெரியாது. உலகில் மூன்றில் ஒருவருக்குமேல் இப்படி ஏதாவதொரு விழித்திரைப் பழுதைச் சுமக்கிறார்கள் என்று 2020இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. அதில் நீயும் நானும்கூட இருக்கலாம். ஒரே மரபணுவில் பழுதுள்ள இருவர் ஜோடி சேரும்போதுதான் சிக்கல். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் அந்த வாய்ப்பு கூடும். இருவருக்கும் ஒரே மரபணுவில் பழுது இருந்தாலும், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குதான். ஆனால் மூத்தவனோடு போயிற்று, சின்னவள் தப்பித்தாள் என்று கணக்குப் போடாதே. ஒவ்வொரு பிரசவத்துக்கும் அதே நான்கில் ஒன்று.

எத்தனை குழந்தைகளுக்கு வரும் என்று கேட்டாய். தனித்தனியே அபூர்வம்தான். உன் பேரனுக்கு வந்தது சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு. கைக்குழந்தையிலேயே பார்வையைப் பறிக்கும் லெபர் என்ற பிறவி விழித்திரைக் கோளாறு அதைவிட மிகக் குறைவு. ஆனால் பரம்பரை விழித்திரை நோய்களை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒருவர். பிறவிக் கண்புரையும் பிறவி கிளாக்கோமாவும் (கண் அழுத்த நோய்) இதில் சேராது.

லெபர் உள்ள கைக்குழந்தை விரல் முட்டியால் கண்ணை அழுத்தி அழுத்தித் தேய்க்கும். தூக்கம் வருகிறதென்று தாய் படுக்க வைத்துவிடுவாள். உன் பேரன் பொழுது சாய்ந்ததும் நிலைப்படியில் இடறியதை நீங்கள் பயம் என்று நினைத்ததும் அந்த ரகம்தான், யாரைக் குற்றம் சொல்ல? ஒன்று மட்டும் எல்லாரிடமும் சொல்லி வை: பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் உடனே கண் டாக்டரிடம் ஓட வேண்டும். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் உயிரைக் காப்பாற்றிவிடலாம்.

மரபணுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. ஆர்பிஇ65 என்ற ஒரு மரபணுப் பழுதுக்கு 2017இல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. மற்ற பழுதுகளுக்கு அந்த மருந்து உதவாது. அதனால்தான் எந்த மரபணு என்று தெரிய வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று வைட்டமின் ஏ மாத்திரையும் வாங்கிக் கொடுக்காதே. ஸ்டார்கார்ட் போன்ற சில விழித்திரை நோய்களில் அது கெடுதல்.

எனக்கு அடுத்த மாதம் புரை ஆபரேஷன். இது வெறும் வயசு, எந்தப் பக்கத்துப் பழியும் இல்லை. சின்னவளையும் ஒரு தடவை காட்டிவிடு. ரிப்போர்ட் வந்ததும் அதிலுள்ள மரபணுவின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதி அனுப்பு.

அன்புடன்,
கணேசன்