வகுப்பறைச் சுவரில் பத்துக் கற்பனைகள்

மட்டக்களப்பு

அன்பு மகனுக்கு,

டெக்சாஸில் அரச பள்ளிக்கூட வகுப்பறைகள் எல்லாவற்றிலும் பத்துக் கற்பனைகளை, அதாவது வேதாகமத்தின் பத்துக் கட்டளைகளை, மாட்டவேண்டுமென்று 2025 இல் சட்டம் வந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். "இனி இது கர்த்தருடைய தேசம்" என்றும் சந்தோஷப்பட்டிருந்தாய். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவவும் சந்தோஷப்பட்டா. எனக்கு அது வரவில்லை மகன்.

இங்கே 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1978 இல் அதுவே 9ஆம் உறுப்புரையானது. மற்ற மதங்களுக்கும் உரிமை உண்டென்று அதிலேயே எழுதித்தான் இருக்கிறது. ஆனால் 2003 இல் கன்னியாஸ்திரிகள் சபையொன்றைச் சட்டப்படி பதிந்த அமைப்பாக்கும் (கூட்டிணைக்கும்) சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, மதம் பரப்புவது அரசியலமைப்பு தந்த உரிமையல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

அது கொழும்புக் கதை. படுவான்கரைப் பக்கம் தகரம் போட்ட ஒரு ஜெபவீட்டுக்கு நான் போயிருந்த அன்று, பாட்டு நடுவில் நிற்க, ஒரு உத்தியோகத்தர் வாசலில் நின்று அனுமதிக் கடிதம் கேட்டார். பாஸ்டர் பேசாமல் பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். முறைப்பாடு கொடுத்தது யார் என்று நினைக்கிறாய்? பக்கத்து வளவு நம்மட சைவ ஆக்கள்தான். ஒரு மதத்தைத் தூக்கி வைக்கிற அரசாங்கத்தின்கீழ் இந்தப் பழக்கம் எல்லோருக்கும் தொற்றிவிடுகிறது.

நம்மவர் கையில் ஆட்சி இருந்தால் நல்லாயிருக்கும் என்பாய். இருந்ததே! 1638 இல் நம்மட கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்கள்தான், புரொட்டஸ்தாந்துக்காரர். தாங்கள் ஆண்ட இடங்களில் கத்தோலிக்க ஆராதனையைத் தடைசெய்தார்கள். 1687 இல் கத்தோலிக்கக் குருவான ஜோசப் வாஸ் அடிகள் மாறுவேஷத்தில்தான் இந்தத் தீவுக்குள் வந்தார். அரச உத்தியோகம் வேண்டுமென்றால் ஒல்லாந்தருடைய சபையில் ஞானஸ்நானம் எடுக்கவேண்டும். 1796 இல் வெள்ளைக்காரன் வந்து கட்டாயம் விட்டுப்போனதும், அப்படிச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் பழைய கோயிலுக்கே திரும்பிவிட்டார்கள். இராயனுடையதை, அதாவது ரோம அரசனுடையதை, இராயனுக்குக் கொடுக்கச் சொன்ன இயேசு, தேவனுடையதையும் அவன் கையிலேயே கொடுக்கச் சொல்லவில்லையே.

உங்கள் ஊரிலும், மதத்துக்கும் அரசுக்கும் நடுவில் சுவர் வேண்டுமென்று 1802 இல் ஜனாதிபதி ஜெபர்சன் எழுதியது டான்பரி என்ற ஊரின் பாப்டிஸ்ட் சபையாருக்கு. அவர்கள் நாஸ்திகர்களா? கனெக்டிகட்டில் அரசு ஆதரித்த இன்னொரு சபையின்கீழ் அவதிப்பட்ட விசுவாசிகள்.

இன்னொன்று. விக்கிரகம் செய்யாதே என்பது நமக்கு 2ஆம் கற்பனை. உன் அம்மம்மா கத்தோலிக்கர், அவவுக்கு அது முதலாவதோடு சேர்ந்தது. யூதர் கணக்கு வேறு. எந்த வாசகத்தை மாட்டுவதென்று முடிவெடுக்க சட்டசபைக்காரர் யார்? அந்த வகுப்பில் நம்மட ஊர்ச் சைவப் பிள்ளையொன்று இருந்தால் அது எங்கே பார்க்கும்? இதை உங்கள் பாஸ்டரிடம் கேட்டு, அவர் சொல்கிறதை எழுது.

பேத்திக்குக் கற்பனைகளை நீயே வீட்டில் இருத்திச் சொல்லிக் கொடு, தமிழில்.

அப்பா