நூலகர் சாருக்கு, ஒரு மேசை கேட்டு

அன்புள்ள நூலகர் சாருக்கு, வணக்கம்.

காலையில் பேப்பர் படிக்க வரும் அப்பாவோடு ஒருவன் வந்து படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பானே, அவன் என் தம்பி. அறிவுசார் குறைபாடு உள்ளவன். 29 வயது. அவனுக்காகவும், நம் ஊரில் அவனைப் போன்றவர்களுக்காகவும் கேட்கிறேன்: வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், அவர்கள் உட்கார்ந்து கற்க நூலகத்தில் ஒரு மேசை வேண்டும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி தருகிறது. அதற்கு அப்புறம்? மெழுகுவர்த்தியோ காகிதப் பையோ செய்யும் பயிற்சி கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் வீடும் டிவியும்தான். ஆனால் அதே சட்டத்தின் 18-வது பிரிவு, வயது வந்தோர் கல்வியிலும் தொடர்கல்வியிலும் இவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க அரசும் உள்ளாட்சிகளும் வழிசெய்ய வேண்டும் என்கிறது. இதைக் கேட்டுப் பெறத்தான் ஆளில்லை.

தம்பிக்குப் பள்ளியில் பிளாஸ்டிக் காசுகளை வைத்துக் கணக்கு சொல்லிக் கொடுத்தார்கள். கடையில் அது உதவவில்லை. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் பொருத்திப் பார்ப்பதுதான் இவர்களுக்குச் சிரமம். பள்ளி முடித்துப் பல வருஷம் கழித்து, டீக்கடை அண்ணன் தினமும் நிறுத்தி நிதானமாக எண்ணிக் கொடுத்ததில்தான் மீதிச் சில்லறை வாங்கப் பழகினான். வாழ்கிற ஊருக்குள்ளேயே கற்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

மேசையில் என்ன செய்வோம்? பஸ்ஸின் ஊர்ப்பலகை, மாத்திரை அட்டை, காலண்டர், ஓட்டுப்போடும் முறை. யாராவது தப்பாகத் தொட்டால் சத்தம் போட்டு மறுப்பது. குழந்தைப் புத்தகங்கள் வேண்டாம் சார், அவர்கள் பெரியவர்கள். கிரிக்கெட், சினிமா, ஊர்ச் செய்தி எல்லாம் சின்னச் சின்ன வாக்கியத்தில், படத்தோடு இருந்தால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். வீட்டார் முறைவைத்துக் கூட இருப்போம்.

சில நேரம் சத்தம் வரும், மறைக்கவில்லை. முகம் சுளிக்கும் வாசகர்களிடம் நானே பேசுகிறேன். 1948-லேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. எங்கள் வீட்டு வரியோடும் நூலக வரி போகிறது. அந்தக் கூடம் தம்பிக்கும் உரியதுதான்.

மாவட்ட நூலக அலுவலரின் அனுமதி வேண்டுமென்றால் மனு எழுதித் தருகிறோம். புதன்கிழமை 11 மணிக்குமேல் கூட்டம் குறைவு என்று அப்பா சொன்னார். அந்த நேரம் உங்களுக்குச் சரிவருமா?

அன்புடன்,
உங்கள் வாசகி