படத்தில் இருப்பது சாக்கடை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் வரலாறு பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. ‘ஒவ்வொரு மேம்பாடும் முன்பு கட்டியது தவறு என்பதற்கான ஒப்புதல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு நிலையத்தில் 26 ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவன் நான்.

எது தவறு? முதலில் கட்டியவர்களிடம் கேட்டதெல்லாம் மண்ணும் மலமும் அப்படியே ஆற்றுக்குப் போகக் கூடாது என்பதுதான். அதற்குப் படிவுத் தொட்டி போதும். தெளிந்த நீரில் கரைந்திருக்கும் அழுக்கும் ஆற்றின் ஆக்சிஜனைக் குடித்து மீன்களைக் கொல்லும் என்று தெரிந்ததும், அதையும் எடுக்கச் சொன்னார்கள். 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரு ஆய்வாளர்கள் வழி காட்டினார்கள். காற்றை ஊதி, அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களை வளர்த்து, படிந்த சேற்றை வீசிவிடாமல் திரும்பத் தொட்டிக்கே அனுப்பும் முறை அது. நாங்கள் ஓட்டியதும் அதையேதான். அப்புறம் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பரஸ் என்று ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார்கள். ஊரும் பெருத்தது. பழைய தொட்டிகள் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன.

எங்கள் நிலையத்தில் நீரை மேலே கடைந்து காற்றைக் கலக்கும் மேற்பரப்பு ஏரேட்டர்களைக் கழற்றிவிட்டு, மின்சாரம் மிச்சமாகும் என்று அடியிலிருந்து நுண்குமிழ் விடும் டிஃப்யூசர்களைப் போட்டார்கள். வேலை நடந்த மாதங்களில் ஒரு நாள்கூட நிலையத்தை நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது, ஊர் குளித்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும்தானே இருக்கும்? பாதித் தொட்டிகள் காலி, மீதிப் பாதியில் மொத்த ஊரின் கழிவு. ஒரு லிட்டர் ஜாடியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, 30 நிமிடத்தில் சேறு எவ்வளவு படிகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்போம். படியவில்லை என்றால் அன்றிரவு யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம். அந்த இரவுகளையா தவறு என்கிறீர்கள்?

முன்பும் ஒரு முறை எங்களை ‘நாற்றத்துக்குப் பழகியவர்கள்’ என்று எழுதினீர்கள். கழிவுநீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு அளவு மீறினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. ஆள் விழுவது அப்போதுதான். என் கண் முன்னால் ஒருவர் விழுந்தார். கயிறு கட்டி இறங்கியதால் பிழைத்தார். அதன் பெயர் பழக்கம் இல்லை, ஐயா. ஈரத் துடைப்புத் தாள்களைக் கழிப்பறையில் போடாதீர்கள், பம்ப் அடைத்துக்கொள்கிறது என்று இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டுமே இதழில் வரவில்லை. திறப்பு விழாவுக்கு மட்டும் இடம் கிடைக்கிறது.

சரி, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கட்டுரையின் முதல் படத்துக்கு ‘சாக்கடைத் தொட்டி’ என்று போட்டிருக்கிறீர்கள். வட்டமான அந்தத் தொட்டி கடைசிக் கிளாரிஃபையர், சேறு அடியில் படிந்து நீர் தெளியும் இடம். அதன் விளிம்பில் வழிவது சுத்திகரித்த நீர். அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவர்