ஆபரேஷன் தேதியும் வைத்தியத்தில் சேர்த்திதான்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மூட்டு மாற்று அறுவை செய்யும் மருத்துவமனைகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அரூர், மொரப்பூர், ஊத்தங்கரை வட்டாரத்தில் வீடு வீடாகப் போய், முட்டியும் இடுப்பும் மாற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். உங்கள் கைவேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆபரேஷனுக்கு நாளும் நேரமும் குறிக்கிற விதம் பற்றித்தான் இந்த மடல்.

செவ்வாய் காலை முதல் கேஸாகப் போனவருக்கு முதுகில் போட்ட ஊசியின் மரப்பு பிற்பகலுக்குள் விட்டுவிடும். சாயங்காலமே வாக்கரைப் பிடித்து நாலடி வைக்கலாம். வெள்ளி மாலை கடைசிக் கேஸாகப் போனவருக்குக் கால் உணர்வு திரும்பும்போது ராத்திரி ஆகிவிடுகிறது. சனிக்கிழமை பயிற்சியாளர் அரை மனசாக எட்டிப் பார்ப்பார், ஞாயிறு அவரும் வரமாட்டார். திங்கள்தான் தரையில் கால் ஊன்றுகிறார். அதற்குள் முட்டி இறுகி, பாதம் வீங்கி, மனதில் பயமும் உட்கார்ந்துவிடுகிறது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாரக் கடைசியிலும் பிற்பகலிலும் செய்த மூட்டு மாற்றுகளில் மருத்துவமனையில் தங்கும் நாள் கூடுவதை வெளிநாட்டு ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன.

நம் மாவட்டங்களில் இது இன்னும் வலிக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013இல். அதற்கு முன் காலமெல்லாம் ஃபுளோரைடு மிகுந்த போர்த் தண்ணீர் குடித்தவர்களில் பலருக்கு முதுகும் மூட்டும் ஏற்கெனவே விறைத்தவை. அப்படிப்பட்டவர் இரண்டு நாள் அசையாமல் கிடந்தால் அதைச் சரிக்கட்ட வாரக்கணக்கில் ஆகிறது என்பது என் அனுபவம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவைப் பார்த்துக்கொள்கிறது. துணைக்கு இருக்கும் மகளின் கூலியை யார் தருவது? மாங்கூழ் ஆலையில் சீசன் வேலை பார்க்கிற பெண்ணுக்கு நாலு நாள் கூடுதலாகக் கட்டில் ஓரம் உட்கார்ந்தால் நாலு நாள் சம்பளம் போச்சு. சாப்பாடு, ஊருக்குப் போய் மாடு கன்றைப் பார்த்துவிட்டு வரும் வண்டிச் செலவு தனி. தனியாரில் கைக்காசு கட்டுகிறவர்களுக்கு அறை வாடகையும் ஏறுகிறது.

இதைவிடக் கொடுமை தள்ளிப்போடுவது. சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு அம்மா, சர்க்கரை நோயாளி. ராத்திரி சாப்பிட்டதோடு சரி. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, "இன்னைக்கு இல்லம்மா, ஆக்சிடென்ட் கேஸ் வந்துடுச்சு" என்றிருக்கிறார்கள். உதடு காய்ந்து, கை வெடவெடத்து, மகன் ஊட்டிய இட்லியைக்கூட அவரால் விழுங்க முடியவில்லையாம். அடுத்த நாளும் அதே கதை. அதற்குப் பிறகு சர்க்கரை ஏறிவிட்டது என்று மயக்க மருந்து டாக்டர் நிறுத்தி, வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

விபத்துக்கு முன்னுரிமை கொடுப்பது நியாயம்தான், மறுக்கவே மாட்டேன். ஆனால் அடிக்கடி விபத்து நடக்கிற தொப்பூர் கணவாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எலும்பு முறிவு வருவதைத் திடீர் நிகழ்வாக நாம் கருத முடியாது. அன்றாட லிஸ்டிலேயே அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள், முடிந்த இடத்தில் தனித் தியேட்டரே விடுங்கள். முட்டி, இடுப்பு மாற்றுகளை வாரத்தின் முதல் பாதியில் வையுங்கள். சர்க்கரை உள்ளவர்களும் வயதானவர்களும் காலையில் முதலில் போகட்டும். ஆபரேஷனுக்கு 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்று மயக்கவியல் வழிகாட்டுதலே சொல்கிறது. யாருக்கு அது பொருந்தும் என்று டாக்டர் பார்த்துச் சொன்னால், நர்ஸ் அக்காவும் தைரியமாக ஒரு டம்ளர் கொடுப்பார்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. டிஸ்சார்ஜ் தேதியை அந்தத் திட்ட ஊழியர்களிடம் முன்கூட்டிச் சொன்னால், ஆள் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே பயிற்சி தொடரும்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பயிற்சியாளர் இல்லை என்பதுதான் தடையென்றால், என்னைப் போல வெளியில் வேலை செய்கிறவர்களை முறை வைத்துக் கூப்பிடுங்கள். நான் வருகிறேன், கூட வேலை செய்கிறவர்களிடமும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அரூர் வட்டார பிசியோதெரபிஸ்ட் ஒருவர்