சீட்டில் பாதிதான் ஏறுகிறது

ஆசிரியருக்கு,

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்த பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் வீடு வீடாகப் போனோம். பிரஷர், சுகர் பார்க்கத்தான் போனது. ஆனால் ஆட்கள் சொன்னது வேறு. கடலில் மிதந்து தப்பி வந்த ஒருவர், "எனக்க கை எனக்க கை மாதிரியே இல்ல" என்றார். அண்ணனைப் பறிகொடுத்த ஒரு பையனுக்கு, வீட்டில் எல்லாரும் அழுவது டிவியில் ஓடுவதுபோல இருந்ததாம், சத்தம் தண்ணிக்கு அடியிலிருந்து கேட்டதாம். பிள்ளை பெற்றுச் சில வாரமே ஆன ஒரு மருமகள், மோட்டில், அதாவது கூரையில், இருந்துகொண்டு தன்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றாள். மாமியார் உடனே செபத்துக்கு ஆள் கூப்பிடக் கிளம்பிவிட்டார்.

இவர்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. கை தன்னுடையதுதான், தான் இருப்பது தரையில்தான் என்று அவர்களுக்கே தெரியும். உள்ளே நடப்பதைக் காட்ட வேறு வழியில்லாமல் உவமை தேடுகிறார்கள். கடும் பயம், துக்கம், தூக்கம் கெடுவது, கஞ்சா என எதனாலும் இது வரலாம். கொஞ்ச நேரம் வந்து போனால் பெரும்பாலும் பயமில்லை; நாள்கணக்கில் நின்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

தன்னையும் சுற்றியிருப்பதையும் அந்நியமாக உணரும் இந்த நிலைக்கென்று மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் கேம்பிரிட்ஜ் கேள்வித்தாளில் 29 கேள்விகள் உண்டு. பார்ப்பதெல்லாம் படம்போல உயிரில்லாமல் தெரிகிறதா, உடம்பின் பாகம் தன்னுடையது இல்லாததுபோலப் படுகிறதா என்று அதுவும் உவமையில்தான் கேட்கிறது. நம் மீனவர் யாரும் கேட்காமலே பதிலைச் சொல்லிவிட்டார். ஓ.பி. சீட்டில் ஏறியதோ 'தலைசுற்றல்'. சத்து மாத்திரையோடு அனுப்பினார்கள். இன்னோர் இடத்தில் அவர் சொன்ன 'மாதிரி'யை விட்டுவிட்டு 'கை தன்னுடையது அல்ல என்கிறார்' என்று எழுதி வைக்க, அடுத்துப் படித்தவர் அவரைப் பைத்தியம் என்றே முடிவு கட்டினார். இரண்டாவதுதான் மோசம் என்பேன்.

அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம், வாயில் வருகிற உவமையையே சொல்லலாம். சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஆள் சொன்னதை அவருடைய பேச்சிலேயே, நம் விளவங்கோட்டுத் தமிழிலேயே, முழுசாக எழுதச் சொல்லுங்கள். சீட்டில் இடமில்லை என்பார்கள். பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது?

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்