அப்பளம் நமத்தால் பந்து திரும்பாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் மேசையில் வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து மற்றப் பந்துகளைப் பாக்கெட்டில் தள்ளும் பூல் ஆட்டம் பழகுகிறவர்களுக்குச் சில குறிப்புகள் வந்திருந்தன. அடித்த பிறகு வெள்ளைப் பந்து பின்னால் திரும்பி வர வேண்டுமானால் பலமாக அடிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. அதைப் படித்துவிட்டு எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு நாளாக டேபிளைக் கொல்லுப்பட்டறை ஆக்கிவிட்டார்கள். சத்தம் தெருமுனை டீக்கடை வரை கேட்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கீழக்கரைக்காரன். 1994இல் துபாய் போய், கப்பல் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் 22 வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். பூல் கற்றது அங்கேதான். தொழிலாளர் கேம்ப்பில் எனக்கு மேல்கட்டிலில் படுத்தவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு தின்ற கையோடு பொழுதுபோக்கு அறைக்குப் போனால் இரவுதான் வெளியே வருவோம். 1999இல் அவர் நாட்டு ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸ் கார்டிஃப் நகரில், பூலில் ஒரு வகையான நைன்-பாலில் உலகப் பட்டம் வென்றபோது அந்த மனிதர் அறையில் இருந்த எல்லோருக்கும் பெப்சி வாங்கிக் கொடுத்தார். ரேயஸை அவர்கள் நாட்டில் மந்திரவாதி என்பார்கள். அப்படி என்ன மந்திரம் என்று கேட்டால், மேல்கட்டில்காரர் பேசாமல் கியூவின், அதாவது அடிக்கும் கோலின், முனையை வெள்ளைப் பந்தின் அடிவயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக் காட்டுவார். அவ்வளவுதான் அவர் எடுத்த பாடம்.

ஃபிட்டர் வேலை பார்த்தவனுக்கு அளவு சொன்னால்தான் எதுவும் மனதில் நிற்கும். பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், நடுவிலிருந்து விளிம்புக்கு 28.6. நடுவுக்கு மேலே அதில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 11.4 மில்லிமீட்டரில் அடித்தால் பந்து கொஞ்சமும் சறுக்காமல் தொடக்கத்திலிருந்தே உருண்டு போகும். அதே 11.4 கீழே அடித்தால், உருளும் பந்துக்கு எவ்வளவு சுழற்சி உண்டோ அவ்வளவும் தலைகீழாகக் கிடைக்கும். 14 மில்லிமீட்டரைத் தாண்டினால் டிப், அதாவது கியூ முனையில் ஒட்டிய தோல், வழுக்கிவிடும். ஆக மொத்த வித்தையும் நடுவிலிருந்து ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குள். வேகத்துக்கும் சுழற்சிக்கும் உள்ள விகிதத்தைத் தீர்மானிப்பது டிப் படும் இடம் மட்டுமே. ஓங்கி அடித்தாலும் மெல்ல அடித்தாலும், ஒரே இடத்தில் பட்டால் கியூவை விட்டுப் புறப்படும்போது அந்த விகிதம் ஒன்றுதான்.

அப்படியானால் மெல்ல அடித்த பந்து ஏன் திரும்புவதில்லை என்று கேட்பீர்கள். டேபிள் மேல் விரித்த துணிதான் காரணம். பின்னோக்கிச் சுழன்றுகொண்டே முன்னால் சறுக்கும் பந்தின் சுழற்சியைத் துணி வழியெல்லாம் தின்கிறது. முதலில் பின்சுழற்சி, பிறகு வெறும் சறுக்கல், அதன் பிறகு சாதாரண உருளல். அடிக்க வேண்டிய பந்தை எந்தக் கட்டத்தில் தொடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பின்சுழற்சி உயிரோடு இருக்கும் தூரம் கால்வாசியாகிவிடும். உங்கள் கட்டுரையாளர் சொன்னது தூரத்துப் பந்துக்குச் சரி. அதை நான் மறுக்கவில்லை. பக்கத்தில் கிடக்கும் பந்துக்கும் அதையே செய்தால் வெள்ளை திரும்பி வந்து, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, எதிர்ப் பாக்கெட்டில் விழும். எங்கள் பையன்களுக்கு இப்போது தினமும் நடப்பது அதுதான்.

எனக்கும் ஒரு காலத்தில் இது புரியவில்லை. 2016இல் ஊருக்கு வந்த புதிதில், கடைத்தெருவில் ஒரு மாடியில் இரண்டு டேபிள் போட்டிருந்தார்கள். தெற்கு ஜன்னலைத் திறந்தால் கடல். முதல் நாளே மூன்றடி தூரத்தில் ஒரு பந்தை வைத்து, துபாயில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற மெல்லிய பேக் (பின்சுழற்சி அடி) ஒன்று அடித்தேன். வெள்ளை ஒரு சாண் திரும்ப வேண்டும். அது பந்தைத் தொட்ட இடத்திலேயே மரம் மாதிரி நின்றது. மறுபடியும் அடித்தேன், மறுபடியும் நின்றது. பக்கத்தில் நின்ற பையன் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்), "காக்கா, கை தளந்து போச்சு, ஓங்கி அடிங்க" என்றான். 50 வயதில் அதைக் கேட்க எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்து சோறு தின்ன உட்கார்ந்தேன். மதியம் பொரித்து வைத்த அப்பளம் நமத்துப் போய்த் துணி மாதிரி தொங்கியது. அப்போதுதான் உறைத்தது.

இராமநாதபுரம் என்றால் தண்ணியில்லாக் காடு என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்கள். குடத்தில் இல்லாத தண்ணீர் இங்கே காற்றில் இருக்கிறது. உப்பு ஜாடி கசிகிறது, பூட்டு துருப்பிடிக்கிறது, பூல் டேபிளின் துணி மட்டும் என்ன விதிவிலக்கா? கம்பளி நூலில் நெய்த துணி, ஈரத்தை உறிஞ்சும். ஈரத் துணியில் உராய்வு கூடுகிறது, பின்சுழற்சி சீக்கிரம் சாகிறது. துபாய் கேம்ப்பில் இரவும் பகலும் ஏசி ஓடி அறை காய்ந்து கிடந்தது. கை அதே கைதான், கியூவும் அதேதான், மாறியது காற்று. பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் டேபிளுக்கு அடியில் ஹீட்டர் வைத்துச் சூடேற்றுவது சும்மா இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 9 முதல் 15 வரையுள்ள பந்துகளில் பட்டை போட்டிருக்கும். அதில் ஒன்றை வெள்ளைப் பந்துக்குப் பதிலாக வைத்து, பட்டை இரண்டு பக்கமும் சமமாகப் படுத்திருக்கும்படி திருப்பி, கீழே மெல்ல அடியுங்கள். பட்டை பின்னோக்கிச் சுற்றுவது, சுற்று நிற்பது, முன்னோக்கி உருளத் தொடங்குவது மூன்றும் தெரியும். சுற்று நிற்கும் இடத்தை டேபிள் விளிம்பில் விரலால் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் நாளில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை. என் தங்கச்சி மகனை இப்படிச் செய்ய வைத்தேன். மழை நாளில் குறி முக்கால் அடி முன்னாலேயே விழுந்ததும், "மாமா, டேபிள மாத்திட்டாங்களா?" என்றான்.

அப்படியிருக்க ஈர நாளில் என்ன செய்வது? முதலில், கை. மெல்ல அடிக்க நினைப்பவர்கள் கியூவை நீளமாகப் பின்னுக்கு இழுத்துவிட்டு, பந்தை நெருங்கும்போது பயந்து வேகத்தைக் குறைக்கிறார்கள். குறையும் வேகத்தில் கியூ முனை தலையைத் தூக்கும். 11 மில்லிமீட்டர் கீழே குறிவைத்தது 4 மில்லிமீட்டரில் போய்ப் படும். பின்னுக்கு இழுப்பதைக் குறைத்து, பந்தைக் கடந்து முனை போகும்படி விடுங்கள். பிடி, கைத்தூண்டில் நரம்பைப் பிடிக்கிற பிடி. மீன் கொத்துவது விரலுக்குத் தெரிய வேண்டுமே, அந்த இறுக்கம் போதும்.

இரண்டாவது, சைடு: பந்தின் நடுவுக்கு இடமோ வலமோ தள்ளி அடித்துக் கொடுக்கும் சுழற்சி. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. எங்கள் கரையில் ஆடுகிறவனுக்கு இதுதான் சோறு. சைடு வைத்த பந்து பம்பரம் மாதிரி நின்றவாக்கில் சுழல்கிறது. தரையைத் தொடும் புள்ளி சிறியது என்பதால்தான் பம்பரம் அவ்வளவு நேரம் நிற்கிறது. அதேபோல, பின்சுழற்சியைத் துணி தின்னும் வேகத்தில் சைடைத் தின்ன முடியாது. மெல்ல அடித்த பந்தின் ஓட்டம் குறைந்துகொண்டே வரும், சைடு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே டேபிள் ஓரத்து ரப்பர் விளிம்பான குஷனைத் தொடும்போது ஓட்டத்தைவிடச் சுழற்சி ஓங்கி நிற்கும், பந்து நன்றாகத் திரும்பும். பேக் சாகிற நாளில் வெள்ளையை இழுத்து வரப் பார்க்காமல், கொஞ்சம் சைடு கொடுத்துக் குஷனுக்கு அனுப்பிச் சுற்றி வரவைப்பது என் வழக்கம். நடுவிலிருந்து அரை டிப் அகலம் தள்ளி அடித்தால் போதும். முழு டிப் வைத்தால், மெல்லிய அடியில் பந்து வழியிலேயே வளைந்து குறியை விட்டுப் போகும். டேபிளின் மரவிளிம்பு தடுப்பதால் கியூவின் பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கிறது. அந்த வளைவு அதனால் வருவது.

இன்னொரு தொல்லையும் உண்டு. மெல்ல, சுழற்சியில்லாமல் சறுக்கி வரும் வெள்ளை, மற்றப் பந்தைப் பக்கவாட்டில் தொடும்போது அதைக் கொஞ்சம் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். இந்த இழுப்பு வேகமான அடியில் குறைவு, மெல்லிய அடியில் அதிகம். பந்துகளில், கியூ முனையில் தேய்க்கும் சாக் தூளும் வேர்வையும் ஒட்டியிருந்தால் இன்னும் அதிகம். 5 டிகிரி விலகினால், ஒரு மீட்டர் ஓடுவதற்குள் பந்து ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும், பாக்கெட் போச்சு. குறி தப்பியதும் பையன்கள் கியூவை முறைக்கிறார்கள். பந்துகளைத் துடைத்து எத்தனை நாள் ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

கட்டுரையில் இதை மேல்நாட்டு விளையாட்டு என்று எழுதியிருந்தீர்கள். இதன் சகோதரனான ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிறந்தது. அதன் விதிகள் எழுதப்பட்டது 1882இல் நம் உதகமண்டலம் கிளப்பில். அது கிடக்கட்டும், மலையில் துரைமார் ஆடியதைப் பற்றி எனக்கு என்ன.

நம் தெருக்களில் கேரம் ஆடாதவன் உண்டா? போர்டுக்கு மேலே தாழ்வாகக் குண்டு பல்பு தொங்கவிடுவது வெளிச்சத்துக்கு மட்டுமா? அந்தச் சூட்டில் பலகை காயும், காய் ஓடும். பல்பு எரியாத போர்டில் மழைக்காலத்தில் யாரும் காசு வைத்து ஆடமாட்டார்கள். பலகைக்குத் தெரிந்த இந்த நியாயத்தைத் துணிக்கு மறந்துவிட்டோம். எங்கள் ஊர் மாடியில் இரவு பத்து மணிக்கு டேபிளைத் திறந்தபடி போட்டுவிட்டு, கடல் பக்க ஜன்னலையும் மூடாமல் போகிறார்கள். கை வழுக்கப் பையன்கள் போடும் முகப்பவுடர் துணியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, ஈரத்தில் பசையாகிறது. கேரம் பவுடர் பலகைக்கு நல்லது, துணிக்கு விஷம். உரிமையாளரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். "ஆடுறவங்க யாரும் கேக்கலையே காக்கா" என்கிறார்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அடுத்த முறை இந்தக் குறிப்புகள் வரும்போது, பலமாக அடி என்ற வரியைத் தூரத்துப் பந்துக்கு மட்டும் என்று திருத்துங்கள். கடற்கரை ஊர்களில் டேபிள் வைத்திருப்பவர்களுக்கும் நாலு வரி சேர்த்து எழுதுங்கள்: இரவில் தார்பாய் போட்டு மூடுங்கள், காலையில் ஒரே திசையில் பிரஷ் போடுங்கள், பந்துகளைத் துடையுங்கள், மழைக்காலத்தில் ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னாலேயே டேபிள் மேல் விளக்குகளைப் போட்டு வையுங்கள். நான் சொன்னால் அது கிழவன் புலம்பல். உங்கள் பேப்பரில் வந்தால் வெட்டிச் சுவரில் ஒட்டுவார்கள். போன ஞாயிறு வந்ததைத்தான் ஒட்டி வைத்திருக்கிறார்களே.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.