தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இரவுப் பணிக்குப் போதிய செவிலியர்களையும் மருத்துவரையும் நியமிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் மீனவக் குடும்பங்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
மண்டபம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ராமநாதபுரம்.

ஐயா,

வணக்கம். 2022இல் நம் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கொரோனா காலத்தில் அரசு மருத்துவமனைகளுக்கு வென்டிலேட்டர்களும் (செயற்கை சுவாசக் கருவிகளும்) ஆக்சிஜன் குழாய்களும் வந்தன. நன்றி. அவற்றை ராத்திரியில் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டுத்தான் இந்த மனு.

முதுகுளத்தூர், கமுதி பக்கம் வயலில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் இமையைக்கூடத் திறக்க முடியாமல் கிடப்பார். மூச்சுத் தசை ஓய்ந்துவிடும், நினைவு இருக்கும். சில நாள் வென்டிலேட்டரில் வைத்து, சளியை உறிஞ்சியெடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். மூச்சுக்குழாயில் செருகிய டியூப் அடைத்ததை யாரும் கவனிக்காவிட்டால் சில நிமிடத்தில் உயிர் போய்விடும். கடலில் மூழ்கி மீட்கப்பட்டவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்தில் சிக்கியவர்கள், ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் முதியவர்கள் என எல்லாருக்கும் இதே பாடுதான்.

அண்மையில் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஓர் அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு (ஐசியூ) வாசலில் இருந்தேன். உள்ளே ஒரே ஸ்டாஃப் நர்ஸ். வென்டிலேட்டர் நோயாளிகளே மூன்று பேர். அந்தப் பெண் ஒருவருக்கு சக்ஷன் போட்டு சளியை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படுக்கையில் சிரிஞ்ச் பம்ப் அலறியது. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் கருவி அது. மருந்து தீர்ந்தால் அழுத்தம் விழுந்துவிடும். அவர் எந்தக் கையால் எதைச் செய்வார்? ஐசியூவையும் சேர்த்துப் பார்க்கும் மயக்க மருந்து டாக்டரோ சிசேரியனுக்காக ஆபரேஷன் தியேட்டருக்குள் போயிருந்தார். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, நானும் அங்கே நின்றவள்தான்.

வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ், மற்றவர்களில் இருவருக்கு ஒருவர் என்பதே தீவிர சிகிச்சையில் ஏற்கப்பட்ட அளவு. மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் போதும் என்று கோப்பில் எழுதிவிடுகிறார்கள். வார ஓய்வு, நைட் ஆஃப் (இரவுப் பணிக்குப் பின் தரும் ஓய்வு), மகப்பேறு விடுப்பு எல்லாம் சேர்த்தால் ஓர் இடத்தில் எந்நேரமும் ஆள் நிற்க நாலைந்து பேர் வேண்டும்.

ஆகவே நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் ஐசியூக்களை ஓர் இரவு முன்னறிவிப்பின்றித் தாங்களே பார்வையிட வேண்டுகிறோம். எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்று அங்கே காணும் எண்ணிக்கையை வைத்து, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக நிரந்தரச் செவிலியர்களைப் பெற்றுத் தாருங்கள். தியேட்டர் பணியோடு சேர்க்காமல், ஐசியூவுக்கென்றே ஒரு டூட்டி டாக்டர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும். பழகிய நர்ஸை மாற்று ஆள் வராமல் வேறு வார்டுக்குத் தூக்கிப் போடுவதையும் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, "மதுரைக்குக் கொண்டு போங்க" என்ற சொல். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கே 50 கி.மீ.க்கு மேல், அங்கிருந்து மதுரைக்கு 100 கி.மீ.க்கு மேல். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அங்கே படுக்கை உண்டா என்று டாக்டரே போனில் உறுதி செய்து, வென்டிலேட்டர் உள்ள 108 வண்டியில் ஏற்றிவிட உத்தரவிட வேண்டுகிறோம்.

ஊர் மக்களின் கையொப்பப் பட்டியலை இணைத்துள்ளோம். எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பொதுமக்கள்